சைரன் ஊதட்டும்

ஓடைத் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி இரைந்தது. சிவபாலன் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் மழையில் நின்று கெஞ்சினான்.

“அம்மா, கீழ ஸ்கூலுக்குப் போயிரலாம். மேல மண்ணு சரிஞ்சு ஓடையை அடைச்சிருச்சுன்னா, அப்புறம் ஓட நேரமிருக்காது.”

“மேட்டுல இருக்கிற அபாயச் சைரன் இன்னும் ஊதலையேடா,” என்றாள் சாந்தம்மாள். “ஊதினா எறங்குவோம். ஊதலைன்னா உலை வைப்போம்.”

பக்கத்து வீட்டுப் பெரியமுத்து சிரித்தார். “திருவனந்தபுரத்துல சர்க்கார் கடனையே கொறைக்கிற ஆபீசரு, மழைக்குப் பயப்படுறாரே!”

“மாமா, சைரன் ஊதாது. அங்க ஆளே இல்ல.”

“போடா. ஆளில்லாம விடுமா சர்க்கார்? போன மழைக்கு அது ஊதித்தானே நாங்க பொழைச்சோம்?”

லயமே தலையாட்டியது. ஒருவரும் படியிறங்கவில்லை.

சிவபாலன் தாயின் கையைப் பிடித்தான்.

“கடனைக் கொறைக்கணும், அவசியமில்லாத வேலைகளை வெட்டுன்னு சொன்னாங்க. அப்ப நல்ல வெயில் காலம். சைரன்காரர் வேலையை வெட்டினதே நான்தாம்மா.”

சாந்தம்மாள் அவனையே பார்த்தாள். அப்போதுதான் ஓடையின் இரைச்சல் சட்டென்று நின்றது.

“பாத்தியா,” என்றார் பெரியமுத்து, “தண்ணி வடிஞ்சிருச்சு.”