எண் பொருத்தம்

கண்ணாடி மேசை மேல் இரண்டு துப்பாக்கிகள் கிடந்தன. யார் யாரோ போட்ட சண்டைகளில் மிஞ்சி, மசகில் ஊறி, அமெரிக்காவில் ஐடஹோ வரைக்கும் வந்து சேர்ந்தவை.

"ரஷ்யாக்காரனா, ஸ்வீடன்காரனா? சொல்லு தம்பி," என்றாள் டார்லா. கடை அவளுடையது.

கோல்பி தன்னைச் சேகரிப்பாளன் என்று சொல்லியிருந்தான். கையில் அதிகம் இல்லை, ஒன்றுதான் வாங்க முடியும் என்றும் சொல்லியிருந்தான். காரில் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்கள் அழகில் மயங்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல எண் பார்ப்பார்கள். குழலடியில் வெட்டியிருக்கும் எண்ணும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலை பாதி. போல்ட்டே இல்லாவிட்டால் அது சுடாத வெறும் குழல்.

"ஸ்வீடன்காரன் பாக்க மாப்பிள்ளை மாதிரி இருப்பான். ஆனா போல்ட் வேற வீட்டுப் பிள்ளை. ரஷ்யாக்காரன் மூஞ்சி கோணல், எண் எல்லாம் சுத்தம். ரெண்டுக்கும் ஒரே விலைதான்."

"மூஞ்சி கோணலானவன்தான் கடைசி வரைக்கும் கூட இருப்பான். என்னைப் பாரு," என்றது மூலையில் குளிருக்கு எரிந்த அடுப்பின் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

நார்ம். பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் லாரி வைத்திருப்பவன். வியாழக்கிழமைதோறும் வாடிக்கைக்காரர்களில் ஒருவர் முறை வைத்து, சர்க்கரை தூவிய டோனட் வாங்கி வருவது அந்தக் கடையின் வழக்கம். இன்று நார்மின் முறை. பாதிப் பெட்டியை அவனே காலி செய்திருந்தான்.

"நீ கூட இருக்கிறதில்ல நார்ம், ஒட்டிக்கிட்டு இருக்கே," என்றாள் டார்லா.

சிரிக்க வேண்டிய இடம் என்று கோல்பிக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. டெஸ்ஸைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து, மனைவி இல்லாத அந்த வீட்டில் மட்டுமில்லை, எங்கே போனாலும் எல்லோரும் பக்கத்து அறையில் பேசுவதுபோலத்தான் அவனுக்குக் கேட்டது.

அவன் எந்த எண்ணையும் பார்க்கவில்லை. எந்த மரப்பிடியையும் தடவிப் பார்க்கவில்லை.

"எது நல்லாச் சுடும்?"

"ரெண்டும் சுடும்."

"அப்ப ரஷ்யாக்காரனே இருக்கட்டும். தோட்டா... பெட்டியா வேணாம். சில்லறையா கிடைக்குமா?"

நார்மின் வாய் அசைவது நின்றது.

டார்லா அவனுடைய சுண்டுவிரலில் பாதி வழியில் சிக்கி நின்ற மெல்லிய பெண் மோதிரத்தைப் பார்த்தாள். பிறகு ரஷ்யத் துப்பாக்கியை எடுத்து, போல்ட்டை உருவி, விளக்கில் காட்டிக் கண்ணைச் சுருக்கினாள்.

"அடச்சே. இதுவும் எண் சேரல தம்பி."

"சேருதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"கண்ணாடி போடாமச் சொல்லிட்டேன். தப்பான போல்ட்டோட வித்தேன்னா ஊரே என்னைக் காறித் துப்பும். துப்பாக்கிய நீ எடுத்துட்டுப் போ. போல்ட் இங்கயே இருக்கட்டும். சரியானதாத் தேடி வைக்கிறேன். அடுத்த வியாழன் வா."

தோட்டாவைப் பற்றி அவள் வாயைத் திறக்கவே இல்லை.

போல்ட்டைத் துணியால் துடைத்து மேசை மேல் வைத்தாள். எண் மேல்பக்கம் இருந்தது.

கோல்பி முதல் முறையாகக் குனிந்தான். போல்ட்டில் இருந்ததைப் படித்தான். குழலடியில் இருந்ததைப் படித்தான். திரும்பவும் போல்ட்டைப் பார்த்தான்.

ஒரே எண்.

நிமிர்ந்தான். டார்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்குக்கண்ணாடி வழியாக. அவன் உள்ளே நுழைந்ததிலிருந்தே அது அவள் மூக்கின் மேல்தான் இருந்தது.

ஒரு வார்த்தை போதும், அவள் பொய் உடைந்துவிடும்.

வேறு எங்காவது பார்க்க வேண்டும் போலிருந்தது. சுவரைப் பார்த்தான். கல்லாவுக்கு மேலே ஒரு துப்பாக்கி தொங்கியது. தூசி தட்டி, எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார்கள். போல்ட் இருக்க வேண்டிய இடம் மட்டும் பொந்தாக இருந்தது.

"அது?"

"விக்கிறதுக்கில்ல. எங்க வீட்டுக்காரரோடது. அவர் போனப்புறம் மாட்டினது."

"அதுக்கும் எண் சேரலையா?"

விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டே நார்ம்தான் சொன்னான்.

"அதெல்லாம் ஜோராச் சேரும். போல்ட் என் லாரியில கிடக்கு, ஆறு வருஷமா. எண் சேரல, மாத்திக் கொண்டாறேன்னு சொல்லித்தான் அன்னிக்கு இவகிட்ட வாங்கிட்டுப் போனேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எண் சொல்றவ. நம்பிட்டா."

"பேச்சப் பாரு," என்று டார்லா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

கோல்பி போல்ட்டைக் கையில் எடுத்தான். கனமாக, சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு அதை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

"அடுத்த வியாழன் எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"பத்துக்கு," என்றாள் டார்லா.

"வெறுங்கைய வீசிக்கிட்டு வந்துடாத," என்றான் நார்ம். "டோனட் உன் முறை."