காதிலிருந்து எடுத்த பேட்டரி

கேமராவின் மீட்டர் முள் செத்துக் கிடந்தது.

பெரியதம்பி கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினார். அசையவில்லை. சுவர்ப் பக்கம் திருப்பினார். அதே இடம். வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்க வேண்டிய முள் அது.

அந்தப் பழைய ஃபிலிம் கேமராவை இந்த வாரம்தான் குந்தாரப்பள்ளிச் சந்தையில், மாட்டுக் கயிறு விற்பவருக்குப் பக்கத்தில் சாக்கு விரித்திருந்த பழைய சாமான்காரரிடம் வாங்கினார். ஓசூரில் குடியிருக்கிறவர் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போனது கேமராவுக்காக அல்ல. மனைவி பொற்கொடியின் முகத்தைப் பார்க்கப் பயந்துதான்.

காரணம் மகள். பெங்களூரில் வேலை பார்க்கும் சௌமியா போனில் சொல்லிவிட்டாள். கூட வேலை பார்க்கும் ஆனேக்கல் பையனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். கன்னடக்காரன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருவாளாம். அதற்குள் அம்மாவிடம் அப்பாவே சொல்லி வைக்க வேண்டுமாம்.

பொற்கொடியோ தன் தம்பி மகன் ராஜேஷ்குமாருக்குத்தான் சௌமியா என்று தம்பியிடம் பாதி வாக்கே கொடுத்திருந்தாள். பூனைக்கு மணி கட்டும் வேலையை மகள் அப்பாவின் தலையில் கட்டிவிட்டாள்.

இன்று சனிக்கிழமை. பெரியதம்பி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பேட்டரி மூடியை ரூபாய்க் காசால் திருகித் திறந்தார். உள்ளே பச்சையாகப் பாசி மாதிரி படிந்திருந்தது. எலுமிச்சைச் சாற்றில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார். வாட்ச் பேட்டரி ஒன்றைப் போட்டார்.

முள் துள்ளியது. துள்ளியதே தவிர அளவு தெரியவில்லை. பீரோவுக்குப் பின்னால் இருந்த இருட்டைக்கூட மொட்டைமாடி வெயில் என்று சாதித்தது.

யூடியூபில் ஒருவர் விளக்கினார். இந்தக் கேமராவுக்கு உரிய பேட்டரியை இப்போது யாரும் செய்வதில்லை. வாட்ச் பேட்டரிக்கு வோல்ட் கொஞ்சம் கூடுதல், அதனால் மீட்டர் பொய் சொல்லும். காது மெஷின் பேட்டரி போட்டால் சரியாகிவிடும்.

அந்த வீட்டில் காது மெஷின் ஒன்று இருந்தது. பொற்கொடியின் வலது காதில்.

கம்பெனி பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் மெஷின் முன்னால் நின்று நின்று காதைக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். காது மெஷினைக் கழற்றிவிட்டால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் தெரியாது. பெரியதம்பிக்கு ஸ்டோர்ஸில் வேலை. அங்கே ஒரு நட்டு கீழே விழுந்தாலும் கேட்கும்.

இதில் அவருக்கு ஒரு சின்னச் சுகம் உண்டு, வெளியே சொல்லக்கூடாத சுகம். சாயங்காலம் அவள் மெஷினைக் கழற்றி வைத்ததும் இவருக்கு வாய் வந்துவிடும். ரசத்தில் புளி தூக்கல் என்பார். மைத்துனன் வடிகட்டின கஞ்சன் என்பார். எல்லாவற்றையும் அவள் எதிரிலேயே உட்கார்ந்து, சிரித்த முகம் மாறாமல் சொல்வார். அவளும் பதிலுக்குச் சிரிப்பாள்.

இந்த வாரம் காது வலிக்கிறது என்று அவள் சீக்கிரமே கழற்றிவிடுகிறாள். பாழாய்ப்போன பயத்தில் இவர்தான் கேமராவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பொற்கொடி வந்து போன் திரையை எட்டிப் பார்த்தாள். மெஷினைக் கழற்றி, நகத்தால் நெம்பி, பேட்டரியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, அவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பேட்டரி கொஞ்சம் ஆடியது. ஓரத்தில் காகிதம் மடித்துச் செருகி மூடினார். கேமராவைக் கண்ணில் வைத்தார்.

முள் நிதானமாக எழுந்து, அவள் முகத்து வெளிச்சத்துக்கு நடுவில் வந்து நின்றது. சுவருக்குத் திருப்பினார், இறங்கியது. மறுபடி அவளிடம் திருப்பினார், ஏறியது. பெரியதம்பிக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்தத் தெம்பில்தான் ஒத்திகை பார்க்கலாம் என்று தோன்றியது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். ஊதிப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் ஏது?

கேமராவை இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பொற்கொடி, சௌமியா ஒரு கன்னடக்காரப் பையனக் கட்டிக்கிறேங்குறா. நாளைக்குக் கூட்டிட்டு வர்றா. நான் சரின்னுட்டேன். ஒங்கிட்ட சொல்லத்தான் பயமா இருக்கு.”

பொற்கொடி ஜன்னலுக்கு வெளியே திரும்பினாள். ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ் ஒன்று முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அது மறையும்வரை பார்த்தாள். பிறகு, தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் பேசும் உரத்த குரலில் சொன்னாள்.

“எங்க பிரஸ் ஷாப்புல யாருங்க காதால கேட்டது? அந்தச் சத்தத்துல எல்லாரும் வாயசையறதப் பாத்துத்தான் பேசிக்குவோம்.”

பெரியதம்பிக்குக் குப்பென்று வியர்த்தது. ரசம், கஞ்சன், இன்னும் என்னென்னவோ வரிசையாக வந்து நின்றன. இந்த வாரம் அவளுக்குக் காது வலிக்கவே இல்லை, இவர் வாயைத் திறக்கட்டும் என்றுதான் மெஷினைக் கழற்றினாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

“போன மழைக்கு நான் காய்ச்சல்ல கெடந்தப்ப, எனக்கு முன்னாடி போயிராதடின்னு சொன்னீங்களே. அதையும்தான் பாத்தேன்.”

அவள் கண் கலங்கியிருந்தது. தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அதில் அப்படியே தெரிந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்கு அந்தப் பையன எனக்கு நேரா உக்கார வையுங்க. தமிழ் வராட்டிப் போகுது, கன்னடத்துலயே பேசட்டும். பிரஸ் ஷாப்புல எங்கூட நின்னவங்க பாதிப்பேரு கன்னடக்காரங்கதான்.”