காலையிலேயே தோற்ற காசிமேடு

மாலை ஆட்டத்தில் காசிமேட்டைப் பெரம்பூர் ஜெயித்துவிட்டதாகக் காலையிலேயே அறிவிப்பு வந்தது. கால்பந்து லீக்கின் கணிப்பு எந்திரம் முடிவைச் சொல்லிவிட்டால் ஆட்டம் கிடையாது. ரசிகர்கள் நேரில் வந்து மைதானத்தை நிரப்பினால்தான் அணிகள் இறங்கும்.

“உங்க கோல்கீப்பருக்கு முட்டி போயிடுச்சு. ஆடி என்னாவப் போவுது?” என்றான் பெரம்பூர் ரசிகனான தனசீலன்.

“தோக்கறதையாவது அவங்களே தோக்கட்டும்,” என்றாள் அவன் மனைவி பிலோமினா. காசிமேடு அவள் பிறந்த இடம், அவள் மீன் விற்கும் இடமும் அதுதான். கூடையை மூடிவிட்டு மார்க்கெட்டையே திரட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். இடம் நிரம்பியது.

நொண்டியபடியே காசிமேட்டு கோல்கீப்பர் ஒரு பெனால்டியைத் தடுத்தான். கடைசி நிமிடத்தில் காசிமேடு கோல் போட்டது. முன்பின் தெரியாத பெண்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தொண்டை கட்டும்வரை கத்தினாள் பிலோமினா.

வீட்டில் தனசீலன் அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தான்.

“அடுத்த வாரம் எங்களுக்கு பெங்களூரோட மேட்ச்சு,” என்றான் பிறகு. “தோத்துட்டோம்னு இப்பவே போட்டுட்டாங்க. உன் மார்க்கெட் ஆளுங்களைக் கூட்டிக்கினு வர்றியா?”

“வர்றோம். மொதல்ல இன்னிக்கு யாரு ஜெயிச்சாங்கன்னு சொல்லு.”

“காசிமேடு,” என்றான் தனசீலன்.

“சத்தமா,” என்றாள், குரலே எழும்பாத பிலோமினா.