ஆறு மணிக்குள்ள பூட்டு மாறணும்

“ஆறு மணிக்குள்ள பூட்டு மாறியிருக்கணும்மா. என் தம்பி வரான்.”

வீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் பூட்டுக்காரம்மாவின் புருவம் உயர்ந்தது. ஆனாலும் கருவிப் பையை இறக்கி வைத்துவிட்டு வாசல் கதவின் முன்னால் உட்கார்ந்தாள்.

இருபது வருஷத் தொழில். எந்தப் பூட்டும் அவளிடம் வாலாட்டியதில்லை. வாடிக்கைக்காரரிடம் ஒரு பொய் சொன்னதில்லை. சாவித் துவாரத்தைப் பார்த்தே அந்த வீட்டு மனுஷர்களின் லட்சணத்தைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வாள். பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும், அதுதான் வினை.

“பூட்டு நல்லாத்தானே இருக்கு சார்?”

“நல்லாத்தான் இருக்கு.”

“பின்னே? தம்பிகிட்ட சாவி இருக்கா?”

“இருக்கு. அதனாலதான் மாத்தச் சொல்றேன்.”

ஓஹோ, சங்கதி அப்படிப் போகிறதா என்று நினைத்துக்கொண்டாள்.

சாவியைப் போட்டுக் கால் திருப்பு திருப்பி, குமிழ்க் கைப்பிடியின் கழுத்தில் இருந்த சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அமுக்கினாள். குமிழ் கையோடு வந்தது. உள்ளே இருந்த சிலிண்டரை, அதாவது சாவி நுழைகிற பித்தளை உருளையை, தள்ளி எடுத்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

தண்ணீர் கொண்டுவந்த வீட்டுக்காரரின் மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

“ஏழு வருஷத்துக்கு முன்னாடி அண்ணன் தம்பிக்குள்ள வாய்ச் சண்டை. கோவிச்சுட்டுப் போன கொழுந்தன் இன்னிக்குத்தான் வரார். புதுச் சாவி ஒண்ணு வெட்டி அவர் கையில குடுத்துடுங்களேன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். இவர் கேட்க மாட்டேங்கறார்.”

வீட்டுக்காரர் காதில் அது விழுந்துவிட்டது.

“புதுச் சாவியெல்லாம் அவன் கையில குடுக்க மாட்டேன். பேச்சை விடு.”

பூட்டுக்காரம்மா ஊசியைக் கீழே வைத்தாள்.

“சார், மனசுல பட்டதைச் சொல்றேன். திருடனுக்குப் பயந்து பூட்டு மாத்தச் சொன்னா மாத்துவேன். கூடப் பொறந்தவனை வாசல்ல நிறுத்தறதுக்கு மாத்த மாட்டேன். இருந்த சிலிண்டரையே திரும்ப மாட்டிட்டுக் கிளம்பறேன். நீங்க வேற ஆளைப் பாருங்க.”

வீட்டுக்காரர் உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். பிரித்தாள். நசுங்கிப்போன ஒரு பழைய குமிழ். கதவில் இருந்த அதே கம்பெனி, அதே அளவு.

“இதுக்குள்ள இருக்கிற சிலிண்டரை எடுத்து அதுல மாட்டுங்க.”

“இதுக்குச் சாவி?”

“எங்க சாவியை எல்லாம் அப்பவே தூக்கி எறிஞ்சுட்டேன். மிச்சம் இருக்கிற ஒரே சாவி அவன்கிட்டதான் இருக்கு.”

பூட்டுக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“சாவியை வச்சுட்டுப் போடான்னு கத்தினேன். வைக்காமப் போயிட்டான். மறுநாளே இதைச் சுத்தியலால அடிச்சுக் கழட்டிட்டு வேற மாட்டினேன். இவதான் குப்பையில போடாம எடுத்து வச்சிருந்தா. நேத்து போன்ல சொல்றான், ‘வீட்டுச் சாவியைப் பத்திரமா வச்சிருக்கேண்ணா. பெல் அடிக்க மாட்டேன், நானே திறந்துட்டு வருவேன்’னு.” அவர் அவள் கையில் இருந்த குமிழைத் தொட்டுப் பார்த்தார். “அது திறக்காம அவன் வெளிய நிக்கக் கூடாதும்மா.”

பூட்டுக்காரம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரை.

“தள்ளுங்க சார், வெளிச்சம் வரட்டும்.”

சாவி இல்லாமல் சிலிண்டரைக் கழற்றவென்றே அவளிடம் ஒரு கருவி உண்டு. நுனி வளைந்த மெல்லிய எஃகுத் தகடு. அதைப் பழைய குமிழின் கழுத்து இடுக்கில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் கொக்கியைத் தேடினாள். நசுங்கிய இடத்தில் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை ‘டக்’ என்றது. சிலிண்டரை உருவி, ஊதி, தூசியைத் தட்டி, சாவி வழுக்கிக்கொண்டு போகக் கிராஃபைட் தூள் போட்டுக் கதவில் மாட்டினாள்.

“திறக்குமா?”

“நான் மாட்டினா திறக்கும்.”

சொன்னாளே தவிர, போட்டுப் பார்க்கச் சாவி இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

கதவைச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மனைவி கதவைத் திறக்க ஓடினாள். வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சாவி உள்ளே நுழைந்தது. சிக்கியது.

திரும்பியது.

கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி நின்றான். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் சாவி. சாவியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

“அண்ணா, ஏழு வருஷமா பூட்டைக்கூட மாத்தலையா?”

அண்ணனுக்கு உண்மையும் வாயில் வரவில்லை, பொய்யும் வரவில்லை.

நசுங்கின குமிழைச் சத்தமில்லாமல் பைக்குள் தள்ளிக்கொண்டு பூட்டுக்காரம்மா எழுந்தாள்.

“நீங்களாவது கேளுங்க தம்பி! ரொம்பப் பழசாயிடுச்சு, மாத்திடலாம்னு நானும் மன்றாடிப் பார்க்கறேன். உங்கண்ணன் தொடவே விட மாட்டேங்கறார்!”