நாவிதரின் மறதி

"மறந்து பூட்டேன் சாமி."

கொல்லை வேலிக்கு வெளியே கைகட்டி நின்றார் நாவிதர் அர்ஜுனன்.

"போன வாரமும் இதையேதான் சொன்னே! ஊர் முழுக்க க்ஷவரம் பண்ணப் போறே, என் ஆத்துக்கு வர மட்டும் மறந்துடறதோ?" என்று கத்தினார் அழகியமணவாளன்.

அவர் மகள் ரமாமணி வயதுக்கு வந்துவிட்டாள். புருஷன் செத்தபோது அவள் குழந்தை. அவன் முகம்கூட நினைவில்லை. இருந்தாலும் விதவை தலையை மழித்தாக வேண்டுமாம். ஏகாதசிக்குள் ஆகாவிட்டால் கோயிலில் உமக்குத் தீர்த்தம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள் தெருப் பெரியவர்கள். உள்ளே அந்தப் பெண் பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பட்டணத்தில் பி.ஏ. படிக்கும் அண்ணன் மகன் ஸௌந்தரராஜன் சிரித்தான்.

"சித்தப்பா, இது வெறும் மறதியில்லை. பிடிக்காத காரியத்தை மனசே ஒளிச்சு வெச்சுடுமாம். மனோதத்துவத்துல வரது. அவனுக்கே அது தெரியாது. ஏம்ப்பா, உனக்குப் பெண் குழந்தை உண்டோ?"

"ரெண்டு இருக்குதுங்க சாமி."

"பார்த்தேளா!"

"மனசாவது மண்ணாங்கட்டியாவது!" என்றார் அழகியமணவாளன்.

அவர் தங்கை நாமகிரி வந்தாள். ஊரே பட்டு நெய்கிறது. அவளுக்கு வாய்த்தது விதவையின் நார்மடிப் புடவை. சிறு வயதிலேயே மழித்த தலையை அதன் தலைப்பால் மூடியிருந்தாள்.

"கொழுப்புடா உனக்கு! என்னை உட்கார்த்தி வெச்சுப் பண்றச்சே உங்கப்பன் மறந்தானோ? நான் கதறினதுக்காவது கையை நிறுத்தினானோ?"

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அர்ஜுனன் நிமிரவே இல்லை.

"இவனை நம்பிப் பிரயோஜனமில்லை. நாளைக்கு ஐயம்பேட்டையிலேர்ந்து வேற ஆளை வரவழைக்கிறேன்" என்று உள்ளே போனார் அழகியமணவாளன். மனோதத்துவத்தை இன்னும் விளக்கிக்கொண்டே ஸௌந்தரராஜனும் பின்னால் போனான்.

நாமகிரி கொல்லைப்படியைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேலியோரம் வந்தாள். அவள் குரல் அடியோடு இறங்கியிருந்தது.

"நான் சொன்னபடியே மறந்தே, நன்னாயிருப்பே அர்ஜுனா. அந்த ஐயம்பேட்டைக்காரன் உனக்கு மாமன் முறைதானே? இன்னிக்கே போய், அவனையும் மறந்துடச் சொல்லு."