வானத்தில் ஒரு வளையம்

பிரஷுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எண்ணெய் ஓவியம் பழகும் சபாபதி, குளத்தில் மூன்று பெண்கள் தண்ணீர் மொள்ளும் பழைய ஓவியம் ஒன்றின் அச்சுப் படத்தை மேசையில் விரித்து, கட்டம் போட்டு அப்படியே வரைந்துகொண்டிருந்தார். உச்சி வெயில் காட்சி. ஆனால் படத்தின் வானத்தில் ஒரு பழுப்பு வளையம்.

"அது டீக்கறைய்யா! அதையுமா வரையணும்?" என்று கத்தியது பிரஷ்.

"மூலத்துல இருக்கிறதை மாத்த நீ யாரு? மகான் கை வச்ச படம், காரணம் இல்லாமலா இருக்கும்?" என்று வண்ணம் குழைக்கும் கத்தி பழுப்பைக் குழைத்து நீட்டியது.

"என் அடியிலே ஒட்டியிருந்த டீதான்" என்றது டீ கிளாஸ், கூச்சத்தோடு. கத்தி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிரஷ் பல்லைக் கடித்துக்கொண்டு வளையத்தைப் போட்டது.

படம் சுவரேறியது. பார்க்க வந்தவர்கள், "அந்த நிலாதான் சார் படத்துக்கே உயிர்!" என்றார்கள். சபாபதியும் தலையாட்டினார். பிரஷுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது.

மறுவாரம் மேசையில், நகலெடுக்கப் புதிய அச்சுப் படம். அதன் மேல், அடியில் டீ சொட்டச் சொட்ட கிளாஸ் இறங்கியது.

"ஏய், பார்த்து உட்காரு!" என்று அலறியது பிரஷ். "நீ உட்கார்ற இடத்துல எல்லாம் நான் நிலாவை வரைஞ்சு தொலைக்கணும்!"