ஒட்டகச்சிவிங்கி வந்த நாள்

"இது அலெக்சாந்திரியாவுல நெய்தது, பெரியவரே. கையில வச்சா வழுக்கிட்டு ஓடும்," என்று உனைஸ் தன் தொப்பையைத் தடவிக்கொண்டே சொன்னான். மெத்தைமேல் அவன் சம்மணமிட்டிருந்த தோரணையைப் பார்த்தால், கெய்ரோவின் ஜவுளிக்கடைத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த முதலாளி என்றுதான் யாருக்கும் தோன்றும்.

உண்மையில் அவன் அந்தக் கடைக்குள் நுழைந்து அரை நாழிகைகூட ஆகவில்லை. தொப்பையும் அவனுடையது இல்லை. அங்கிக்குள் வயிற்றைச் சுற்றியிருந்த பன்னிரண்டு முழம் வெண்பட்டு அது.

சுல்தானுக்குக் காணிக்கையாக நூபியாவிலிருந்து ஒட்டகச்சிவிங்கி ஒன்று வந்திருந்தது. அதைத் தெருத்தெருவாக நடத்திப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஜவுளிக்காரர்கள் எல்லாரும் கடை மூடியிருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் வலையை இழுத்துக் கட்டிவிட்டு ஓடிப்போனார்கள். உனைஸ் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தான். ஓரக்கடையின் வலையை அவிழ்த்து உள்ளே போனான், பட்டைச் சுற்றிக்கொண்டான், திரும்பினான். வாசலில் இந்தக் கிழவர் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் உனைஸ் முந்திக்கொண்டான். வாங்க, உக்காருங்க, என்ன துணி பாக்கறீங்க என்று வார்த்தைகள் தாமாகவே வந்து விழுந்தன. கிழவர் திறந்த வாயை மூடிக்கொண்டு, வலையை ஒதுக்கிவிட்டு, தூணோரமாக உட்கார்ந்தார். முட்டி வலியாம். கூட்டத்தில் நிற்க முடியவில்லையாம். துணியைக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றார்.

அவரை எப்படிக் கிளப்புவது என்று உனைஸுக்குத் தெரியவில்லை. எதைக் காட்டினாலும் சாவகாசமாகத் தடவிப் பார்த்தார். கடைசியில் மேல் அலமாரியில் இருந்த கத்தரிப்பூ நிறத் துணியைக் காட்டி, அது எப்படி என்று கேட்டார். மஞ்சள் கோடு போட்ட துணி அது. பார்த்தாலே கண் கூசியது.

"அது வேண்டாம் பெரியவரே. ஒரு தடவை நனைச்சா சாயம் பூரா ஓடிடும். எந்த மடையன் வாங்கிப் போட்டானோ."

கிழவர் முகம் சுருங்கியது. துணிமேல் ஆசை வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று உனைஸ் நினைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து இரண்டு பெண்கள் வந்து ஏறினார்கள். மூத்தவள் வீட்டில் கல்யாணம். பட்டு பார்க்க வேண்டுமாம். உனைஸுக்கு வேர்த்து ஊற்றியது. விலை ஒன்றும் தெரியாது. எழுந்தால் வயிறு அவிழ்ந்துவிடும். இன்றைக்கு வியாபாரம் இல்லை என்றான். அவள் கேட்கவில்லை. கத்தரிப்பூ நிறத் துணியைக் காட்டி, அதையாவது எடுங்கள் என்றாள்.

"அது விக்கிறதுக்கில்ல தாயி. ஒரு அமீர் வீட்டுக்குச் சொல்லி வச்சது. தொட்டுப் பாக்கக்கூட விடக்கூடாதுன்னு உத்தரவு."

இதோடு போய்விடுவார்கள் என்று நினைத்தான். ஆனால் இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் நெருங்கி உட்கார்ந்து, எந்த அமீர் என்று கேட்டாள். சொல்லக்கூடாது என்றான். பத்து முழம் மட்டும் கொடுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டோம் என்றாள். தலை போய்விடும் என்றான். இளையவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உனைஸ் வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொன்னான். அந்த விலைக்கு ஒரு கழுதையே வாங்கலாம்.

அவள் மறுபேச்சில்லாமல் இடுப்பிலிருந்து பையை எடுத்தாள்.

வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு துணியை இறக்கிவிட்டு, அளப்பதற்குக் கோல் எங்கே இருக்கிறதென்று உனைஸ் மெத்தையைச் சுற்றித் துழாவினான். கிழவர் தூணுக்குப் பின்னால் கையை விட்டு முழக்கோலை எடுத்து நீட்டினார். அளக்கும்போதே பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி வந்து எட்டிப் பார்த்தாள். அமீர் வீட்டுத் துணி என்று காதில் விழுந்ததும் அவளுக்கும் வேண்டும் என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். வேண்டாம், வேண்டாம் என்று அவன் சொல்லச் சொல்ல, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வாங்கினார்கள். கடைசித் துண்டுக்குச் சண்டையே நடந்தது.

கூட்டம் கலைந்தபோது தூரத்து மேளச் சத்தமும் ஓய்ந்திருந்தது. தெருமுனையில் ஜவுளிக்காரர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு திரும்பி வருவது தெரிந்தது. முதலாளியும் அவர்களோடு வருவான். திருடியவனுக்கு இந்த ஊரில் என்ன தண்டனை என்று உனைஸுக்குத் தெரியும். காசையெல்லாம் மெத்தைமேல் அப்படியே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"பெரியவரே, நானும் அந்த ஒட்டகச்சிவிங்கியை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் கடையைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

"அதுக்கென்ன," என்றார் கிழவர். "முப்பது வருஷமா நான்தானே பாத்துக்கறேன்."

உனைஸ் வலது கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டான். ஜவுளிக்காரர்கள் நெருங்கிவிட்டார்கள், ஓடவும் வழியில்லை. கிழவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, காலியாகக் கிடந்த மேல் அலமாரியைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு அவன் வயிற்றைச் சுட்டிக்காட்டி, அதை அவிழ்த்து இருந்த இடத்திலேயே வை என்றார். வைத்தான். வாசல் வலையை அவரே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சீக்கிரம் பாத்துட்டு வந்துடு, சாயங்காலம்தான் நமக்கு வியாபாரமே."